மேரியின் கோபம்: 'மிஸ்ஸியம்மா' சாவித்திரியைக் குறித்து ஒரு மறுமதிப்பீடு



ஆண்டுதோறும் மே 16ஆம் நாள் நம் நாட்டில் ஆசிரியர் தினம் கொண்டாடப்படுகிறது. 1956ஆம் ஆண்டு அதே நாளில்தான் ரசாக் கல்வி அறிக்கையைக் கூட்டரசுச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர், அப்படியோர் ஆசிரியர் தின நிகழ்ச்சியில் 'தமிழ்த் திரையில் ஆசிரியர்கள்' என்னும் தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். அந்த உரையில் 'மிஸ்ஸியம்மா' படத்தைக் குறிப்பிட்டேன். "படம் இனிமையானது, ஆனால் சாவித்திரிக்கு இதில் பெரிய வேலையில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் முழுவதும் சிடுசிடுப்பதுதான் அவர் நடிப்பு" என்று சொன்னேன். அவையோர் சிரித்தார்கள். நானும் மகிழ்ந்து அமர்ந்தேன்.

அன்று நான் சொன்னது தவறு என்பதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். தவறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆசிரியருக்கு அழகன்று. எங்கே தவறினேன், ஏன் தவறினேன் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

படம் பிறந்த கதை

'மிஸ்ஸியம்மா' 1955ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்தது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் இணைந்து நடத்திய விஜயா நிறுவனத்தின் தயாரிப்பு, இயக்கம் எல். வி. பிரசாத். இதே கதை 'மிஸ்ஸம்மா' என்னும் பெயரில் தெலுங்கிலும் ஒரே காலத்தில் படமாக்கப்பட்டது. தெலுங்கில் என். டி. ராமாராவும் நாகேஸ்வரராவும் ஏற்ற வேடங்களைத் தமிழில் ஜெமினி கணேசனும் கே. ஏ. தங்கவேலுவும் ஏற்றனர். சாவித்திரி, ஜமுனா, எஸ். வி. ரங்காராவ் ஆகியோர் இரு மொழிகளிலும் நடித்தனர். கதையின் வேர் வங்காளத்தில் இருக்கிறது. ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்னும் நகைச்சுவை நாடகமே இதற்கு அடிப்படை.

நாயகி வேடத்திற்கு முதலில் அமர்த்தப்பட்டவர் பானுமதி. அவரை வைத்துச் சில சுருள்கள் படமாக்கியும் விட்டார்கள். படப்பிடிப்புக்கு வரத் தாமதமானது பற்றித் தயாரிப்பாளர் சக்ரபாணிக்கும் அவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட, பானுமதி விலகினார். இரண்டாம் நாயகியாக நடிக்கவிருந்த சாவித்திரி முதல் நாயகியானார். சாவித்திரிக்கு வைத்திருந்த வேடம் ஜமுனாவுக்குப் போனது. இந்தச் செய்தியைப் பலரும் அறிவர். இதனாலேயே ஒரு கருத்தும் நிலைத்துவிட்டது. பானுமதியின் மிடுக்குக்காகத் தைத்த சட்டையைச் சாவித்திரி அணிந்துகொண்டார் என்பதே அக்கருத்து. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் கோபம் பானுமதிக்கு உரியது, சாவித்திரி அதை இரவல் வாங்கி நடித்தார் என்று எண்ணினேன்.

அப்போது சாவித்திரிக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். அதே விஜயா நிறுவனத்தின் 'கல்யாணம் பண்ணிப்பார்' (1952) படத்தில் இரண்டாம் நாயகியாக நடித்திருந்தார். 1953இல் 'தேவதாஸ்' படத்தின் பார்வதியாகப் பெயர் பெற்றிருந்தார். ஆனால் பார்வதி அழுவதற்கென்றே பிறந்த பாத்திரம். சிரிக்க வைக்கும் படத்தைத் தோளில் சுமக்கும் பொறுப்பு அவருக்கு அதுவரை வாய்க்கவில்லை.

பொய்க் கல்யாணம்

கதையை அறியாத இளைய ஆசிரியர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராமத்துப் பெரியவர் ஒருவர் (ரங்காராவ்), சிறு வயதில் காணாமற்போன தம் மூத்த மகளின் நினைவாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். அதற்கு ஆசிரியர்கள் தேவை. பட்டம் பெற்ற கணவனும் மனைவியுமாக வர வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். நகரத்தில் வேலையில்லாமல் திண்டாடும் பாலு (ஜெமினி கணேசன்) ஓர் இந்து. அதே நிலையில் இருக்கும் மேரி (சாவித்திரி) ஒரு கிறித்துவப் பெண். மேரியின் குடும்பத்திற்குக் கடன் கொடுத்த டேவிட் (எம். என். நம்பியார்), கடனைக் காட்டித் தன்னை மணக்கச் சொல்லி அவளை நெருக்குகிறான். வேறு வழியின்றி இருவரும் கணவன் மனைவியாக நடித்து அந்த வேலையில் சேர்கிறார்கள். ஊரார் முன் தம்பதி. உள்ளே இரு அந்நியர்.

பொய்க் கல்யாணக் கதை உலகத் திரைக்குப் புதிதன்று. அமெரிக்க இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' 1934இல் வெளிவந்து, ஆஸ்கரின் ஐந்து முதன்மை விருதுகளையும் பெற்றது. அதிலும் நாயகனும் நாயகியும் கணவன் மனைவியாக நடித்து ஒரே அறையில் தங்குகிறார்கள். நடுவே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அதில் நாயகி பெரும் பணக்காரரின் மகள். பொய் வெளிப்பட்டால் அவள் தந்தையின் மாளிகைக்குத் திரும்பலாம். நம் மேரி எங்கே திரும்புவாள்? கடன்காரனிடம்தான். இந்த வேறுபாட்டை நான் பல ஆண்டுகள் கவனிக்கவே இல்லை.

பாட்டி சொன்னது

இதை முதலில் கண்டு சொன்னவர் என் பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர். ராசாத் தோட்டப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், பாயை விரித்து அமர்ந்து 'மிஸ்ஸியம்மா'வைப் பார்த்தவர். பிற்காலத்தில் வீட்டில் வீடியோ நாடா வந்தபோது, நாங்கள் எல்லாரும் கூடி அதே படத்தைப் பார்த்தோம். நான் அப்போது சிறுமி.

"ஏன் பாட்டி, இந்தம்மா எப்பப் பார்த்தாலும் கோபமாவே இருக்காங்க?" என்று கேட்டேன்.

"கோவமா? அவ பயந்துக்கிட்டு இருக்கா கண்ணு. வேல போச்சுன்னா வீடும் போயிடும்ல?" என்றார் பாட்டி.

சிறு வயதில் அது எனக்கு விளங்கவில்லை. வளர்ந்து தோட்ட வரலாற்றைப் படித்த பிறகுதான் விளங்கிற்று. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றின் இரு முனைகள். லயத்து வீடு வேலை செய்பவருக்குத்தான். பெரட்டில் பெயர் இல்லையென்றால் லயத்தில் இடமில்லை. தண்டலின் முகமும் கிராணியின் முகமும் மாறினாலே அடுப்பெரியும் பெண்களுக்கு வயிற்றில் கலக்கம். அந்தக் கலக்கத்தோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு மேரியின் முகம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. பட்டம் பெற்ற எனக்குத்தான் புரியவில்லை.

நான் சொன்ன பொய்

புரிய வைத்தது என் சொந்த அனுபவம். ஆசிரியர் பயிற்சி முடிந்ததும் வேறொரு மாநிலத்தின் சிற்றூரில் எனக்கு முதல் பணி கிடைத்தது. தனியாக இருக்கும் இளம்பெண்ணுக்கு வாடகைக்கு அறை தர யாரும் முன்வரவில்லை. நான்காவதாகப் போன வீட்டில், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டவுடன், "ஆயிடுச்சு, அவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து எப்படி வந்ததென்றே தெரியவில்லை. அறை கிடைத்துவிட்டது.

அந்தப் பொய்யோடு எட்டு மாதம் வாழ்ந்தேன். வீட்டுக்கார அம்மையார் நல்லவர். வெள்ளிக்கிழமை தோறும் பூவும் பிரசாதமும் கொடுப்பார். "அவரு எப்பம்மா வராரு? நல்ல செய்தி ஏதும் இல்லையா?" என்று அன்போடு கேட்பார். அவர் அன்பு கூடக்கூட என் எரிச்சலும் கூடியது. வெடுக்கென்று பதில் சொல்வேன், கதவைச் சாத்திக்கொள்வேன். "டீச்சருக்குத் தலைக்கனம்" என்று அவர் பக்கத்து வீட்டாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தலைக்கனமா அது? ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் பொய் உடைந்துவிடும் என்ற அச்சம். நம்மை நம்புகிறவரை ஏமாற்றுகிறோமே என்ற கூச்சம். இரண்டும் சேர்ந்தால் வெளியே தெரிவது சிடுசிடுப்புத்தான்.

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் 'மிஸ்ஸியம்மா'வை மீண்டும் பார்த்தேன். இம்முறை ஜெமினியையும் தங்கவேலுவையும் விட்டுவிட்டுச் சாவித்திரியை மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்று விதக் கோபம்

மேரியின் கோபம் ஒரே கோபமன்று. படம் செல்லச் செல்ல அது மூன்று நிறம் மாறுகிறது.

முதலாவது, கடனாளியின் கோபம். டேவிட்டின் முன் அவள் காட்டுவது இது. கடன் வாங்கியவர் உரத்துப் பேச முடியாது. பணிந்து போனாலோ அவன் மேலும் நெருங்குவான். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. சாவித்திரி அதில் நடக்கிறார். வெறுப்பைக் கண்ணில் வைத்து, மரியாதையைச் சொல்லில் வைக்கிறார்.

இரண்டாவது, பொய்யை வெறுப்பவளின் கோபம். இதுதான் படத்தின் நடுப்பகுதியைத் தாங்குகிறது. பாலுவுக்கு இந்தப் பொய் ஒரு விளையாட்டு. அவன் அதை அனுபவிக்கிறான். உடன் வந்த சாரங்கபாணிக்கு அது சாப்பாட்டுக்கு வழி. ஊருக்கு அது உண்மை. அது பொய் என்பதை மறக்க முடியாதவள் மேரி ஒருத்தியே. அவளுக்குத் தன் சமயத்தின் மீது பற்று உண்டு. மாதாவை வேண்டிப் பாடுபவள். அப்படிப்பட்டவள் வேற்றுச் சமயத்து இல்லத்தரசியாக வேடம் புனைய வேண்டியிருக்கிறது. ரங்காராவும் அவர் துணைவியாராக வரும் ருஷ்யேந்திரமணியும் அவளை மகளைப் போலத் தாங்குகிறார்கள். அந்த அன்பு அவளுக்கு நெருப்பாகச் சுடுகிறது. என் வீட்டுக்கார அம்மையாரின் பூச்சரம் என்னைச் சுட்டதைப் போல.

சற்று எண்ணிப் பாருங்கள். மேரியும் இந்தப் பொய்யை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டிருந்தால் நமக்குச் சிரிப்பு வருமா? எல்லாரும் சிரிக்கும் இடத்தில் சிரிக்க மறுக்கும் ஒருத்தி இருப்பதால்தான் நாம் சிரிக்கிறோம். ஜெமினியின் குறும்பு எடுபடுவதற்குக் காரணம், அது மோதித் திரும்பும் சுவராகச் சாவித்திரி நிற்பதுதான். பந்தாட்டத்தில் பந்தை மட்டும் பார்ப்பவருக்குச் சுவர் தெரியாது. நான் பந்தை மட்டும் பார்த்தவள்.

மூன்றாவது, காதலின் கோபம். பாலு, பெரியவரின் இளைய மகள் சீதாவுக்கு (ஜமுனா) இசை கற்றுக்கொடுக்கத் தொடங்கியதும் மேரியின் முகம் மாறுகிறது. அதுவரை 'இந்த ஆள் என் அருகே வராதிருக்க வேண்டுமே' என்றிருந்தவள், அவன் வேறு பக்கம் போனவுடன் பொறுக்க முடியாதவளாகிறாள். இங்கே சாவித்திரி செய்திருப்பது மிக நுட்பமானது. பொறாமை வந்துவிட்டதை நாம் அறிகிறோம். சீதாவின் முறைப்பையனான துப்பறியும் ராஜுவும் (தங்கவேலு) ஏதோ கோணலாக அறிகிறான். மேரி மட்டும் அறியவில்லை. தனக்கே தெரியாத ஓர் உணர்ச்சியை நடிப்பது எளிதன்று. தெரிந்தாற்போல் நடித்தால் கள்ளம் வெளிப்படும். தெரியாததுபோல் நடித்தால் பார்ப்பவருக்கும் தெரியாமற்போகும். சாவித்திரியின் முகத்தில் முன்பிருந்த அதே சிடுசிடுப்புத்தான். ஆனால் முன்னர் பார்வையை விலக்கிக்கொண்டு சிடுசிடுத்தவர், இப்போது பார்த்துக்கொண்டே சிடுசிடுக்கிறார்.

நிலாவை அழைத்துப் பாடும் அந்தப் புகழ்பெற்ற பாடலைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும் பாடியது, இசை எஸ். ராஜேஸ்வரராவ். இருவரும் நேரே பேசிக்கொள்ளாமல் ஒருவர் மேல் ஒருவர் நிலாவிடம் முறையிடுவதுதான் பாடலின் அமைப்பு. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் நிலவொளியே ஒரு பாத்திரம் ஆகிவிடுகிறது. காதல் பாடல் என்றே நாம் சொல்லி வருகிறோம். உண்மையில் அது வழக்காடும் பாடல். வழக்கை நிலாவிடம் கொண்டுபோகும் அளவுக்கு அவ்விருவரும் நெருங்கிவிட்டார்கள் என்பதைச் சொற்கள் சொல்லவில்லை. அதைச் சொல்வது சாவித்திரியின் முகம்.

குறை சொல்ல வேண்டிய இடம்

மறுமதிப்பீடு என்றால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். படத்தின் முடிவு எனக்கு இன்றும் உவப்பில்லை. காணாமற்போன மகள் மகாலட்சுமிதான் மேரி என்பதை ராஜு துப்பறிந்து சொல்கிறான். எல்லாச் சிக்கலும் ஒரே நொடியில் தீர்ந்துவிடுகின்றன. பொய் சொன்னது குற்றமில்லை; வேற்றுச் சமயத்துப் பெண் என்ற தடையும் இல்லை; கடனும் கவலையில்லை. படித்து, வேலை தேடி, தன் உழைப்பால் கடனை அடைக்கப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை, பிறப்பால் செல்வ மகள் என்ற கண்டுபிடிப்பில் முடிந்துவிடுகிறது. கதை மேரியைக் கைவிட்டுவிட்டது.

ஆனால் சாவித்திரி கைவிடவில்லை என்பதே என் எண்ணம். முடிவில் மகாலட்சுமி கிடைத்தாலும், வீடு திரும்பும்போது நம் நினைவில் இருப்பவள் மேரிதான். படத்தின் பெயரும் அவளுடையதே. யாரும் இந்தப் படத்தை 'மகாலட்சுமி' என்று நினைவுகூர்வதில்லை.

அக்காலத்துப் பெண்ணாசிரியர்

மணமானவர்களுக்கு மட்டுமே வேலை என்ற அந்த விளம்பரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். நம் நாட்டின் நிலை அன்று எப்படி இருந்தது? இங்கே அது தலைகீழாக இருந்தது. அரசுப் பணியிலிருந்த பெண்ணாசிரியர் மணம் செய்துகொண்டால் நிரந்தரப் பணியை இழந்து தற்காலிகப் பணிக்குத் தள்ளப்பட்ட காலம் அது. இங்கிலாந்தில் மணமான பெண்கள் ஆசிரியராகத் தொடர்வதற்கிருந்த தடையை 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம்தான் நீக்கியது. மலாயாவில் ஒரே வேலையைச் செய்தும் ஆணைவிடப் பெண் குறைவான சம்பளம் பெற்றார். 1960இல் பெண்ணாசிரியர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துப் போராடினர். அரசுப் பணியில் சம ஊதியம் நடைமுறைக்கு வந்தது 1969இல்தான்.

தோட்டப் பள்ளிகளின் நிலையும் நமக்குத் தெரிந்ததே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளியும் நிருவாகத்தின் கையில், ஆசிரியர் வீடும் நிருவாகத்தின் கையில். திரையில் ரங்காராவ் அன்பே உருவானவராக இருக்கிறார்; அதனால் கதை இன்பமாக முடிகிறது. முதலாளி அன்பானவராக இல்லாவிட்டால்? மேரியின் அச்சத்திற்குப் பொருள் அங்கேதான் இருக்கிறது. 1955இல் வேலை தேடிய ஒரு பெண் மணமாகாதவளாக இருந்தாலும் சிக்கல், மணமானவளாக இருந்தாலும் சிக்கல். இப்பின்னணியை அறிந்துகொண்டு பார்த்தால், மேரியின் முகம் சிரித்துக்கொண்டிருந்தால்தான் நாம் வியக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால்

இன்னொரு முரணையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாவித்திரியும் ஜெமினி கணேசனும் 1952ஆம் ஆண்டிலேயே ஊரறியாமல் மணம் செய்துகொண்டவர்கள். ஜெமினி முன்பே குடும்பம் உள்ளவர். ஆக, 'மிஸ்ஸியம்மா'வின் படப்பிடிப்பில், மணமாகாமலே மணமானவர்களாக நடிக்கும் இருவரின் வேடத்தை, மணமாகியும் அதை மறைத்து வைத்திருந்த இருவர் ஏற்றிருந்தார்கள். உண்மை வாழ்க்கை நடிப்பாக மாறிற்று என்று நான் முடிவு கட்ட விரும்பவில்லை. நடிப்பு ஒரு கலை, அதற்குப் பயிற்சி வேண்டும். ஆயினும், மறைத்து வாழ்வதன் சுமையை அந்த இளம்பெண் அறிந்திருந்தார் என்பது மட்டும் உண்மை.

எல். வி. பிரசாத் 1957இல் இதே கதையை 'மிஸ் மேரி' என்னும் பெயரில் இந்தியில் எடுத்தார். ஜெமினி கணேசனே அதிலும் நாயகன். மேரியாக மீனா குமாரி நடித்தார். இயக்குநரும் நாயகனும் மாறாமல் மேரி மட்டும் மாறுவதால், ஒப்பிட விரும்புவோருக்கு அது நல்ல பாடம். மீனா குமாரியின் மேரியிடம் எனக்குத் துயரம் அதிகமாகத் தெரிகிறது. சாவித்திரியின் மேரியிடம் வீம்பு அதிகம். எனக்குச் சாவித்திரியின் மேரியைத்தான் ஆசிரியராக ஏற்கத் தோன்றுகிறது. அவளிடம் பிள்ளைகள் வாய் பொத்திப் பாடம் கேட்பார்கள்!

அதன்பின் 'மாயா பஜார்' (1957), 'களத்தூர் கண்ணம்மா' (1960), 'பாசமலர்' (1961), 'நவராத்திரி' (1964) என்று சாவித்திரி உயர்ந்துகொண்டே போனார். நடிகையர் திலகம் என்று நாம் போற்றியது பெரும்பாலும் அவர் கண்ணீரைத்தான். 1981 டிசம்பரில் அவர் மறைந்த விதம் அந்தக் கண்ணீரை இன்னும் அழுத்தமாக்கிவிட்டது. 2018இல் வெளிவந்த 'நடிகையர் திலகம்' படத்தில் அவர் வாழ்க்கையை நடித்துக் காட்டிய கீர்த்தி சுரேஷ் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றார். புதிய தலைமுறையும் அழுதது. அழ வைத்தவரை நினைவில் வைத்துக்கொள்கிறோம். நம்மைச் சிரிக்க வைப்பதற்காகத் தான் சிரிக்காமல் நின்ற சாவித்திரியை மறந்துவிடுகிறோம்.

நிறைவாக...

பாட்டி இப்போது இல்லை. அவர் வாழ்ந்த லயம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. திடல் இருந்த இடம் எது என்று எனக்கே சரியாகக் காட்டத் தெரியாது. அந்தத் திடலில் பாயில் அமர்ந்து, பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தபோது, மேரியின் அச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான் எண்ணிப் பார்க்கிறேன். திரைப்படத் திறனாய்வு என்ற சொல்லையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இந்தக் கட்டுரையால் என் வகுப்பறையிலும் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் என் வகுப்பிற்குப் புதிதாக வந்த ஒரு மாணவி எதைக் கேட்டாலும் வெடுக்கென்றுதான் பதில் சொல்வாள். "திமிர்" என்று மாணவர் பதிவேட்டில் எழுதவிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் அவளை அருகே அழைத்து, "காலையில் பசியாறினாயாம்மா?" என்று கேட்டேன். சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, இல்லை என்று தலையசைத்தாள்.

அடுத்த ஆசிரியர் தினத்தில் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால், சாவித்திரியைக் குறித்து முன்னர் சொன்னதை அதே மேடையில் திரும்பப் பெற்றுக்கொள்வேன். அதுவரை, உங்கள் வீட்டில் 'மிஸ்ஸியம்மா' இருந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேரியை மட்டும் பாருங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்பதை எனக்கும் சொல்லுங்கள்.